சினிமாப் பாட்டா, சாமிப் பாட்டா?



போன கிருத்திகை அன்னைக்கு நம்ம குரூப்ல ஒரு பாட்டு லிங்க் போட்டேன். ‘சிங்கார வேலனே தேவா’. கீழே ‘கொஞ்சும் சலங்கை, 1962’ என்று படத்தின் பெயரையும் எழுதியிருந்தேன். பத்தே நிமிஷத்தில் ஒரு பெரியவரிடமிருந்து பதில் வந்தது. “தம்பி, இது பக்தி குரூப். சினிமாப் பாட்டெல்லாம் இங்க வேண்டாமே.” கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். நானும் “சரிங்க ஐயா” என்று போட்டுவிட்டு லிங்க்கை அழித்துவிட்டேன்.

அழித்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. படத்தின் பெயரைப் போடாமல் பாட்டை மட்டும் அனுப்பியிருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், செவ்வாய்க்கிழமை காலையில் அவரே அனுப்பும் ஆடியோக்களில் பாதி படப்பாட்டுதான். அது அவருக்குத் தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாது. அதனால் இந்த வாரம் திருப்புகழ் விளக்கத்துக்குப் பதிலாக இந்த விஷயத்தையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு பாட்டு எப்போது சினிமாப் பாட்டாக இருக்கிறது, எப்போது சாமிப் பாட்டாக மாறுகிறது?

எனக்கு இதில் முதல் வாத்தியார் எங்க அம்மாயி. ஏற்காட்டில் கிளியூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கிளியூர் என்றால் உங்களுக்கு அருவிதான் ஞாபகம் வரும். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் இறங்கி வந்து விழுகிற இடம். எனக்கோ அங்கே ஞாபகம் வருவது கோவில் மைக் செட். கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம் என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கே மரத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். பனி மூடியிருக்கும், பத்தடி தள்ளி ஆள் தெரியாது, ஆனால் பாட்டு மட்டும் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அம்மாயி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே கூடவே முணுமுணுப்பார்.

இந்தக் குரூப் விவகாரம் நடந்த வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஊருக்குப் போனேன். யூடியூபில் ‘கொஞ்சும் சலங்கை’ பாட்டுக் காட்சியை எடுத்து அம்மாயிக்குக் காட்டினேன். பாட்டு அவருக்கு மனப்பாடம். படத்தை இதுவரை பார்த்ததே இல்லை. சாவித்திரி பாடுகிறார், ஜெமினி கணேசன் வருகிறார், சாவித்திரி வெட்கப்பட்டுப் பாட்டை நிறுத்துகிறார், ஜெமினி பாடச் சொல்லிக் கேட்கிறார். அம்மாயி போனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏஞ்சாமி, இது முருகன் பாட்டாச்சே. இதுல இவங்க எதுக்கு நடுவுல வர்றாங்க?”

சிரித்து முடிக்க எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஆனால் யோசித்துப் பார்த்தால் பெரியவரின் கேள்விக்கு அதுதான் பதில். அம்மாயியைப் பொறுத்தவரை பாட்டு முதலில் இருந்தது. சினிமாதான் பின்னால் வந்து நடுவில் நுழைந்திருக்கிறது.

சரி, பாட்டுக்குள் போவோம். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

‘கொஞ்சும் சலங்கை’க்கு இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. பாட்டை எழுதியவர் கு.மா.பாலசுப்பிரமணியம். பாடியது எஸ்.ஜானகி. அவர் சினிமாவுக்குப் பாட வந்தது 1957-ல், தாய்மொழி தெலுங்கு. வந்து ஐந்தே வருஷத்தில் நாதஸ்வரத்தோடு போட்டி போட்டுப் பாடியிருக்கிறார். நாதஸ்வரம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். திருநெல்வேலிப் பக்கம் காருகுறிச்சிக்காரர், டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1964-ல் காலமாகிவிட்டார், அதாவது படம் வந்த இரண்டே வருஷத்தில். நம்ம தலைமுறை ஆட்கள் அவர் வாசிப்பைக் கேட்டிருக்கிறோம் என்றால் அது பெரும்பாலும் இந்த ஒரு பாட்டு வழியாகத்தான்.

ராகம் ஆபேரி. ஏறும்போது ஸ, க, ம, ப, நி என்று ஐந்து சுரம்தான். இறங்கும்போது ஏழும் வரும். ஏறும்போது ரி, த இரண்டையும் தாண்டிப் போவதால் ஒரு துள்ளல் கிடைக்கிறது, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கால் வைத்து இறங்குகிற நிதானம். சங்கீதம் படிக்காதவர்களுக்கும் இது காதில் விழும். ஜானகி மேலே போகிற இடங்களையும் கீழே வருகிற இடங்களையும் தனித்தனியாகக் கவனியுங்கள், புரிந்துவிடும்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் வேறு ஒன்று. நாதஸ்வரம் வெளியில் வாசிக்கிற வாத்தியம். சீவாளியை வாயில் வைத்து முழு மூச்சில் ஊதினால் நாலு ரத வீதிக்கும் கேட்க வேண்டும், அதற்காகவே உருவானது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் சாதாரணமாகப் பாடினால் குரல் காணாமலே போய்விடும். உற்சவ வீதியில் இந்த ஜோடி நடக்கவே நடக்காது. மைக் இருப்பதால்தான் நடக்கிறது. ஒலிப்பதிவில் வாத்தியத்தின் அளவைக் குறைத்து, குரலின் அளவைக் கூட்டி, இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்துகிறார்கள். கடைசியில் சுரங்கள் பறக்கிற இடத்தில் எது குரல், எது குழல் என்று ஒரு கணம் தடுமாறுவோம் பாருங்கள், அந்தத் தடுமாற்றம் கோவில் தர முடியாதது. ஆனால் அந்த நாதஸ்வரமும் ராகமும் முருகன் பேரும் கோவில் கொடுத்தவை. சினிமா அவற்றை வாங்கி, தன்னிடம் இருந்த ஒரு வசதியைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

கிளியூரிலிருந்து சேலத்துக்கு இறங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவு. மலை முடிந்து சேலத்துக்குள் போகிற ஏற்காடு சாலையில் ஒரு வளைவு நிற்கும். ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்று எழுதியிருக்கும். சின்ன வயதில் அதை ஏதோ சினிமாக் கொட்டகை என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் வாந்தி வராமல் இறங்கிவிட்டோம் என்பதற்கு அடையாளம் அது, அவ்வளவுதான். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ (1938) இவர்கள் தயாரிப்பு. இன்றைக்கு அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன, வளைவு மட்டும் மிச்சம்.

முருகன் பாட்டுக்கும் இந்த வளைவுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு பேர். ஒருவர் கே.வி.மகாதேவன். அவருடைய திரை வாழ்க்கை ஆரம்பித்தது 1942-ல் வந்த ‘மனோன்மணி’யில். அது மாடர்ன் தியேட்டர்ஸ் படம். இன்னொருவர் ஜி.ராமநாதன். ‘மந்திரி குமாரி’ (1950) உட்பட இவர்களுடைய படங்களுக்கு இசையமைத்தவர். நம்ம மலை அடிவாரத்தில் வேலை பார்த்த இந்த இருவரும்தான் பின்னால் நாம் இன்றும் பாடுகிற முருகன் பாட்டுகளில் கை வைத்தவர்கள். இதைப் படித்ததிலிருந்து அந்த வளைவைத் தாண்டும்போது கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

கே.வி.மகாதேவனுக்கு ஏ.பி.நாகராஜன் இயக்கிய ‘கந்தன் கருணை’ (1967) படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதை இந்தியாவில் முதன்முதலில் வாங்கியவர் அவர்தான். யோசித்துப் பாருங்கள், இந்திய அரசு இசையமைப்பாளருக்கு என்று கொடுத்த முதல் விருதே ஒரு முருகன் படத்துக்கு! (இதை ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளலாம்.) வரிகளை முதலில் எழுதச் சொல்லிவிட்டு, அதற்கு மெட்டுப் போடுவதுதான் அவர் வழக்கம். இதனால் என்ன லாபம் என்றால், மெட்டுக்காக வார்த்தையை இழுக்கவோ நசுக்கவோ வேண்டியதில்லை. அந்தப் படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் ஆறுபடை வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து பாடுகிற பாட்டைக் கேளுங்கள். ஊர்ப்பெயர் ஒன்றுகூடத் தேய்ந்து போகாது. ஒவ்வொரு தலமும் தனியாக எழுந்து நிற்கும். சின்னப் பையனாக இருந்தபோது ஆறுபடை வீட்டின் வரிசையை நான் மனப்பாடம் செய்தது புத்தகத்தைப் பார்த்து இல்லை, இந்தப் பாட்டைக் கேட்டுத்தான்.

அதே படத்தில் ‘திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்’ இருக்கிறது. நம்ம பெரியவர் செவ்வாய்க்கிழமை தவறாமல் அனுப்புவது இதுதான்! பூவை செங்குட்டுவன் எழுதியது. படத்தில் பி.சுசீலாவும் சூலமங்கலம் ராஜலட்சுமியும் பாடினார்கள். ஆனால் இந்தப் பாட்டு படத்துக்காகப் பிறந்ததே இல்லை. குன்னக்குடி வைத்தியநாதன் மெட்டமைத்து, சூலமங்கலம் சகோதரிகள் பக்தி இசைத்தட்டுக்காகப் பாடியது. அது ஏ.பி.நாகராஜனுக்குப் பிடித்துப்போய்ப் படத்துக்குள் வந்தது. அங்கிருந்து தியேட்டர், அங்கிருந்து ரேடியோ, அங்கிருந்து திரும்பவும் கோவில் குழாய். பக்திப் பாட்டாகப் பிறந்து, சினிமாவுக்குள் போய், பக்திப் பாட்டாகவே வெளியே வந்துவிட்டது. இதை எந்த ஃபோல்டரில் போடுவீர்கள்?

தலைகீழ் குழப்பமும் உண்டு. டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ‘உள்ளம் உருகுதய்யா’ எந்தப் படம் என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். எந்தப் படமும் இல்லை. ஆண்டவன் பிச்சை என்ற பெயரில் பாடிய அம்மையாரின் பாட்டு அது. டி.எம்.எஸ். குரலைக் கேட்டதும் நமக்கு சினிமா ஞாபகம் வருவதால் வருகிற குழப்பம்.

இனி ஜி.ராமநாதன். 1964-ல் ‘அருணகிரிநாதர்’ என்று ஒரு படம் வந்தது. அருணகிரியாராக நடித்ததே டி.எம்.எஸ்.தான். இசை ஜி.ராமநாதனும் டி.ஆர்.பாப்பாவும். படம் வெளிவரும்போது ராமநாதன் உயிரோடு இல்லை, முந்தின வருஷமே காலமாகிவிட்டார். கதை உங்களுக்குத் தெரியும். திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து அருணகிரியார் விழுகிறார், முருகன் தாங்கிப் பிடிக்கிறான், ‘முத்து’ என்று அடி எடுத்துக் கொடுக்கிறான், முதல் திருப்புகழ் பிறக்கிறது.

திருப்புகழை ஏட்டில் பார்த்துப் படித்தவர்களுக்கு அந்தப் பாட்டு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். வல்லின மெய்கள் அடுக்கடுக்காக வரும், நாக்கு சிக்கிக்கொள்ளும். காரணம் சந்தம். சந்தம் என்பது நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால் ஒரு டெம்ப்ளேட். எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில், எங்கே வல்லினம், எங்கே மெல்லினம் என்று முதல் அடியில் முடிவானதை எல்லா அடியும் அப்படியே பின்பற்ற வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் எர்ரர்தான். இப்படி எழுத்துக்குள்ளேயே தாளம் இருக்கும்போது இசையமைப்பாளர் அதன்மேல் இன்னொரு மெட்டைப் போர்த்தினால் உள்ளே இருப்பது மறைந்துவிடும். அந்தப் படத்தில் அப்படி நடக்கவில்லை. டி.எம்.எஸ். ஒவ்வொரு வல்லினத்தையும் மிருதங்கச் சொல் மாதிரி அடித்துப் பாடுகிறார். அருணகிரியார் போட்ட தாளம்தான் கேட்கிறது. அதனால்தான் இன்றைக்குக் கோவிலில் அந்தத் திருப்புகழைப் பாடுகிறவர்களில் பலர், தெரிந்தோ தெரியாமலோ, டி.எம்.எஸ். பாடின விதத்தில்தான் பாடுகிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டுப் பாட்டு, 1964-ன் மெட்டு. இதில் சினிமாவை மட்டும் தனியாகப் பிரித்து எடுங்கள் பார்ப்போம்!

சாண்டோ சின்னப்பா தேவரின் ‘தெய்வம்’ (1972) வேறு ரகம். தேவர் மருதமலைக்கு நிறையத் திருப்பணி செய்த முருக பக்தர். படத்தில் ஹீரோ வாயசைத்துப் பாடுகிற வேலையே வேண்டாம், பாடகர்களையே திரையில் காட்டிவிடலாம் என்று துணிந்துவிட்டார். மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள், சூலமங்கலம் சகோதரிகள் என்று கச்சேரி மேடையில் இருந்தவர்கள் அப்படியே படத்துக்குள் வந்தார்கள். இசை, நாம் மேலே பார்த்த அதே குன்னக்குடி.

இதில் சோமுவின் ‘மருதமலை மாமணியே’ பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கண்ணதாசன் பாட்டு, தர்பாரி கானடா ராகம். தர்பாரி என்றாலே அரச சபை, அக்பரின் தர்பார், தான்சேன் என்றுதான் பேசுவார்கள். நிதானமான, கனமான, ராத்திரி நேரத்து ராகம். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயம்புத்தூர்ப் பக்கத்து மலைக்கோவிலில் வைத்தார் குன்னக்குடி. சோமுவின் குரல் பளபளப்பான சினிமாக் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, இழுக்கும்போது தொண்டை தெரியும். படியேறி வந்து மூச்சிரைக்க நின்று கும்பிடுகிற ஆளின் குரல். ஒரு சினிமாப் பாடகர் இதே பாட்டைப் பாடியிருந்தால் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும், ஆனால் நாம் மறந்திருப்போம் என்பது என் எண்ணம். படத்தின் கதை என்ன என்று கேட்டால் எனக்கே சட்டென்று சொல்லத் தெரியாது. பாட்டு நிற்கிறது.

கிளியூர் குழாய் ஸ்பீக்கருக்கு வருகிறேன். எங்க மலையில் ஏன் சீர்காழியும் கே.பி.சுந்தராம்பாளும் நாதஸ்வரமும் மட்டும் அவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று ரொம்ப நாள் சந்தேகம். காலேஜில் படிக்கும்போது ஒரு நாள் விளங்கியது. அந்தக் குழாய் ஸ்பீக்கருக்குக் கனமான அடித்தொனியைத் தள்ளும் சக்தி கிடையாது. நடு ஒலியும் மேல் ஒலியும்தான் தூரம் போகும். மிருதங்கத்தின் ‘தொம்’ மரத்தடியிலேயே நின்றுவிடும். எட்டுக்கட்டைக் குரல் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரிக் குரல்தான் பள்ளத்தாக்கைத் தாண்டும். சுந்தராம்பாள் மைக் இல்லாத நாடக மேடைக் காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாடிப் பழகியவர். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ஔவையாராக வந்து பழனிக் குன்றில் கோபித்துக்கொண்டு நிற்கிற குழந்தை முருகனை அவர் சமாதானப்படுத்துகிற பாட்டு, எங்க பனிக்குள் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் வரும்.

அந்தப் பாட்டின் ஆரம்பம் விருத்தம். தாளம் கிடையாது, வாத்தியம் பின்னால் மெல்ல நிற்கும், குரல் மட்டும் தன் வேகத்தில் நடக்கும். கோபமாக இருக்கிற குழந்தையிடம் எடுத்த எடுப்பில் தாளம் போட்டுப் பேச முடியுமா? முதலில் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், மெதுவாகப் பேச வேண்டும். அதைத்தான் அந்த விருத்தம் செய்கிறது. அதன்பின் தாளம் சேரும்போது பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்ட மாதிரி இருக்கும்.

இங்கேதான் எனக்கு நம்ம ஆட்கள் மேல் ஒரு சின்ன வருத்தம். ரீல்ஸ் போடும்போது நாம் முதலில் வெட்டுவது இந்த விருத்தத்தைத்தான். முப்பது செகண்டுக்குள் ‘கெத்தான’ இடம் வர வேண்டும் என்று நேராகத் தாளத்துக்குப் போய்விடுகிறோம், கீழே ஒரு பேஸ் பீட் வேறு சேர்க்கிறோம். நானும் செய்திருக்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் தைப்பூசத்துக்கு நான் போட்ட ரீலில் சோமு பாட்டை வேகம் கூட்டிப் போட்டிருந்தேன், நல்ல லைக்ஸ். அம்மாயிக்குக் காட்டினேன். “யாரு கண்ணு இது, சளி புடிச்ச மாதிரி பாடறது?” என்றார். அந்த ரீலை அன்றே எடுத்துவிட்டேன்.

பெரியவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பக்தி குரூப்பில் படப்பாட்டு என்று கதவைத் திறந்துவிட்டால், முருகன் பேர் ஒரு வரியில் வருகிறது என்பதற்காகக் குத்துப் பாட்டும் வரும். வந்தும் இருக்கிறது, யார் போட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நடிகர் முகம் ஞாபகம் வருகிறதா, சந்நிதி ஞாபகம் வருகிறதா? என் சோதனையில் ‘கொஞ்சும் சலங்கை’ பாட்டு தேறுகிறது. படமே பார்க்காத அம்மாயிக்கு நடிகர் முகம் வர வாய்ப்பே இல்லை.

அடுத்த கிருத்திகைக்கு எங்க ஊர்க் கோவிலில் பாட்டுப் போடுகிற பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பென் டிரைவில் ஏற்றியாச்சு. விடியற்காலை முதலில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், அதில் மாற்றம் இல்லை. அதற்குப் பிறகு சுந்தராம்பாள், விருத்தத்தோடு முழுசாக. அப்புறம் சீர்காழி, டி.எம்.எஸ். திருப்புகழ், சோமு. சூரியன் வந்து பனி விலகுகிற நேரத்துக்குக் காருகுறிச்சியாரும் ஜானகியும். அம்மாயி வரிசையைப் பார்த்துவிட்டு ரமணியம்மாள் பாட்டு எங்கே என்று கேட்டார், அதையும் சேர்த்துவிட்டேன். இந்த வரிசையைத்தான் பெரியவருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், இந்த முறை படத்தின் பெயர்களோடு. நேற்று ராத்திரி பார்த்துவிட்டார், நீல டிக் வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

ஓம் சரவணபவ!